காகித அறைக்குப் புகை போட்ட சனிக்கிழமை

சித்தூரில் மாம்பழம் ஓய்ந்த பிறகுதான் பழைய காகிதத்தை வெயிலில் போடவேண்டும், ஐயா. முந்திக்கொண்டு போட்டால் ஊர் ஈயெல்லாம் கப்பல் சேதி படிக்க வந்துவிடும். ஆடியில் போட்டாலோ, காற்று அதைக் குடிபாலா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆவணியில் காயவைத்து, புரட்டாசியில் பூச்சிக்குக் கந்தகப் புகை காட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டிவைத்துவிட வேண்டும்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதிக்கொள்கிறார். எழுதட்டும். எங்கள் வீட்டுக் காகிதமும் அந்த லட்சணம்தான்.

என் பெயர் அப்பாவு. அந்த வீட்டுக்குத் தூரத்து உறவு. சோற்றுக்கு வந்தவன் காகிதத்துக்காக நின்றுவிட்டேன். அவர்களுடைய முன்னோர் தடாவுக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்துகொண்டு மலாக்காவுக்கும் பெகுவுக்கும் கப்பல் விட்டவர்கள். கப்பல் எல்லாம் போய், சித்தூருக்கு மண்டி வைக்க வந்து சில தலைமுறை ஆகிறது. மிஞ்சியது பின்கட்டில் ஜன்னலில்லாத ஓர் அறை நிறையக் காகிதம். எந்தப் புயலில் எத்தனை மூட்டைத் துணி நனைந்தது, எந்தச் சமையல்காரன் மாலுமிகளோடு அடிதடிக்குப் போனான், எவன் எந்தத் துறைமுகத்தில் இரண்டாம் பெண்சாதி வைத்திருந்தான், எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெண்சாதி போட்ட ஊறுகாய் கெட்டுப்போனதுகூடத் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த அறை இருந்ததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆனதும் பிடித்தது சனி. எல்லை எங்கே விழும் என்று தீர்க்க டெல்லியிலிருந்து ஆள் போடுகிறார்கள் என்றதும் இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் வாசலைத் தேய்த்துவிட்டார்கள். காலையில் தமிழ்க் கமிட்டி வரும். "ஆதியிலேர்ந்து இங்க தமிழ்தான்னு காட்ட ஒங்க காய்தம் வேணும்" என்பார்கள். அந்த டம்ளரைக் கழுவுவதற்குள் திருப்பதியிலிருந்து தெலுங்குக் கமிட்டி வந்து இறங்கும். அவர்களும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் கேட்பார்கள். எனக்கு ஒரே வேடிக்கை.

வீட்டுக்காரர் கோவர்த்தனன் நல்ல பிள்ளை. என் தோளில் வளர்ந்தவர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதுதான் வினை.

"தமிழ்ல கீறத மதராஸ்காரங்களுக்குக் குடுத்துடலாம் மாமா. தெலுங்குல கீறத திருப்பதிக்குக் குடுத்துடலாம். திங்கக்கிழம வந்து எடுத்துக்கினு போவச் சொல்லிட்டேன்."

"ஒரே காய்தத்துல ரெண்டும் கீதே தம்பி?"

"கத்திரிக்கோல் எதுக்குக் கீது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ரங்கையா என்று ஒரு முன்னோர் மலாக்காவிலிருந்து எழுதுவார். மேல் பாதி பெண்சாதிக்குத் தமிழில், கீழ்ப் பாதி அண்ணனுக்குத் தெலுங்கில். காகிதம் கிடைக்காத ஊர், மனிதர் சிக்கனக்காரர். அப்படி ஒரு கடிதத்தைக் கோவர்த்தனன் என் கண்ணெதிரே நடுவில் நறுக்கி, அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தார். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. இதை ரைட்டர் நன்றாக எழுதிக்கொள்ளவேண்டும். எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். அன்றைக்கு மோர்க்குழம்பு.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அவர் மனைவி யசோதா குழந்தையை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போயிருந்தாள். கோவர்த்தனன் காகித அறையில் பரண்மேல் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் வருஷா வருஷம் செய்வதுபோலக் கந்தகத்தைத் தூளாக்கி, இரும்புச் சட்டியில் கொட்டி, வாசலுக்கு உட்புறமாக வைத்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் சரக்கறையை மூடிப் பலகை அடிப்பதற்கு முன்னால் "உள்ள யாரு?" என்று மூன்று முறை கூப்பிடுவார்களாம். எப்போதோ ஒரு பயணத்தில் ஒருவன் உள்ளே தூங்கிப்போய், மலாக்காவில் திறந்து பார்த்ததிலிருந்து அப்படி. கப்பல் போன பிறகும் காகித அறையை மூடும்போது கூப்பிடுவோம். பதில் வராது, ஆகவே கூப்பிடுகிறவனே "யாருமில்ல, மூடலாம்" என்று சொல்லிக்கொள்ளவேண்டும். நான் ஒரு வருஷமும் இதை விட்டதில்லை.

அன்றைக்கும் கூப்பிட்டேன்.

"நான்தான் கீறேன் மாமா" என்றார் பரண்மேலிருந்து.

இரண்டாம் முறை கூப்பிட்டேன். "ஒனுக்குக் காது கேக்கலியா? இரு, எறங்கி வரேன்" என்று சிரித்தார்.

மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, கந்தகத்தைப் பற்றவைத்து, "யாருமில்ல, மூடலாம்" என்று சொன்னேன். கதவை இழுத்து இரும்புப் பட்டையைப் போட்டேன். சந்தில் புகை வந்தால் வீணாகுமே என்று சுற்றிலும் மைதாப் பசை தடவிக் காகிதப் பட்டை ஒட்டினேன். என் ஒட்டு எப்போதும் கோணாது. அவர் தட்டியது கேட்டது. எனக்குக் காது மந்தம் என்று நான் சொல்லப்போவதில்லை. பாதியில் திறந்தால் பூச்சி சாகாது, போட்ட கந்தகமும் தண்டம். அவர் செருப்பு நடையில் கிடந்தது. நடையில் செருப்பு கிடந்தால் எனக்குப் பிடிக்காது, எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லட்டோடு வந்த யசோதா, "அவரு எங்க மாமா?" என்றாள்.

"வேலூர் பஸ் ஏறிட்டாரும்மா."

அவள் ஓரத்தைப் பார்த்தாள். "செருப்பு போடாமயா போனாரு?" என்றாள். கெட்டிக்காரப் பெண். நேரே பின்கட்டுக்குப் போய், கதவில் ஒட்டிய காகிதப் பட்டையை அவளே நகத்தால் கிழித்தாள். நான் தடுக்கவில்லை. பெண்பிள்ளை மேல் கை வைக்கிறவன் இல்லை நான்.

ஆக, ஐயா, கோவர்த்தனனைக் கொன்றவன் நான்தான். உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் மூடினேன். வேறு யாரையும் இதில் இழுக்காதீர்கள். எல்லையைத் தமிழன் பக்கம் போடட்டும், தெலுங்கன் பக்கம் போடட்டும், காகிதம் அறையை விட்டு நகரக்கூடாது என்பதுதான் எனக்கு. சுயலாபத்துக்குச் செய்தேன் என்று ஒருவரும் சொல்லமுடியாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். கதவு திறந்ததும் பார்த்தேன். மூச்சுக்குத் தவித்து ஒரு கடிதக் கட்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டிருக்கிறார். எச்சில் ஊறி நாலைந்து கடிதத்தில் மை அப்படியே கலைந்துபோய்விட்டது. யசோதா ஒருபக்கம் அழுதாள். நான் அதைவிடச் சத்தமாக அழுதேன், தெருவே கேட்டிருக்கும், விசாரித்துப் பாருங்கள்.