மேலே எழுதாத பேர்

— சீடியைப் போட்டாச்சு நிருபன். இனி என்ன?

— அதுக்க பிளகின் எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கும் வினோஜா. அதை அப்பிடியே கொப்பி பண்ணி, நீர் கோட் எழுதுற எடிற்றரின்ர ஃபோல்டருக்குள்ள போடும். பிறகு எடிற்றரை மூடித் திறவும்.

— கெதியாச் சொல்லும். நாலு மணிக்கு விதானையார் கந்தோரால வந்திடுவார். இறுப்பிட்டி முழுக்க, ஆர் ஆர் இருக்கினமெண்டு பேர் போட்ட வீட்டு மட்டை அடிச்சுக் குடுக்கோணும். நாளைக்கு விடிய நேவிக்காரர் மட்டையை வச்சு வீடு வீடா ஆளெண்ணப் போயினம். என்ர புரோகிராம் ஒரு மட்டைகூட அடிக்குதில்லை.

— பதறாதையும். ஊர்காவற்றுறையில இருந்து வெய்யிலுக்க மோட்டச்சைக்கிளில வந்தது சும்மா இருக்கவே? கோட்டைக் காட்டும்... ஐயோ, இதென்னப்பா! ஒவ்வொரு ஃபைலின்ர தலையிலயும் அறுபது இம்போட்!

— வேற இடத்தில எழுதின சாமானை எடுத்துப் பாவிக்கிறதெண்டால் மேலே அதின்ர பேரை எழுதோணும் எண்டுதானே வகுப்பில சொன்னவை?

— பாவிக்கிறதை எழுதச் சொன்னவை. நீர் கண்டது நிண்டது எல்லாத்தையும் எல்லே எழுதி வச்சிருக்கிறீர்!

— இருக்கட்டுமே எண்டு எழுதினனான். வீட்டு மட்டை மாதிரி. உள்ளுக்க ஆள் இருந்து மட்டையில பேர் இல்லாட்டி என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியும்தானே.

— எங்கட தீவாருக்குத்தான் இப்பிடிப் புத்தி போகும். இஞ்ச பாரும், 'டேற்' எண்டு ஒரே பேரில ரெண்டு பேர் மேலே நிக்கினம். எந்த டேற்றை எடுக்கிறதெண்டு தெரியாமல்தான் உம்மட புரோகிராம் படுத்துக்கிடக்கு.

— அடக் கோதாரி! மூண்டு நாள் இதுக்கே மண்டையை உடைச்சனான்?

— இனி உடைக்கத் தேவையில்லை. பிளகினில இந்தப் பெட்டி ரெண்டிலயும் நீர் சரி போடும். சேவ் பண்ணேக்க அது வேண்டாததைத் தானே எடுத்துப்போடும். உள்ளுக்கப் பாவிச்சு மேலே பேரில்லாட்டித் தானே சேர்க்கும். சந்தேகமெண்டால் உம்மைக் கேக்கும்... ஓம், அந்த டேற்தான். சேவ் பண்ணும்.

— ஏழு வரிதான் மிஞ்சினது! மட்டை வருது நிருபன், மட்டை வருது!

— பாத்தீரே. அப்ப ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாரும்.

— நிருபன்...

— என்ன? ஏன் முகம் செத்துப்போச்சு?

— எங்கட வீட்டில ஒராள் இருக்கு. மட்டையில இல்லாத ஆள்.

— ஆர்?

— முந்தநாள் வள்ளத்தில வந்தது. வன்னியால. அக்கா அனுப்பினவா. அவாவை ஏத்த இடமில்லையாம்.

— ஆம்பிளையோ?

— ஓம்.

— மாதாவே!

— நாளைக்கு எண்ணேக்க ஒராள் கூடினால் அப்பாவைத்தான் கொண்டுபோவாங்கள். மட்டையில பேரைச் சேர்த்தால் உமக்கும் வில்லங்கம். ஏலாதெண்டால் சொல்லும், நான் கோவிக்கமாட்டன்.

— கொஞ்சம் பொறும், யோசிக்க விடும்.

— யோசியும். மூண்டரை ஆகுது.

— சரி, கதிரையை விடும். நான்தான் அடிப்பன். ஆரும் கேட்டால், நிருபன் அடிச்சவன் எண்டு சொல்லும். உமக்கு ஒண்டும் தெரியாது. பேரைச் சொல்லும்.

— பேர் இல்லை நிருபன். பிறந்து பதினெட்டு நாள்தான். எங்கட ஆக்கள் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் பிள்ளைக்குப் பேர் வைக்கிறவை.