அவுட்டுன்னா அவுட்டு

அந்தச் சக்கரபாணியெல்லாம் ஒரு அம்பயராண்ணே? நீயே சொல்லு... இரு இரு, லாரிய எடை பாத்தாச்சி, ஸ்லிப்பு அடிக்க பிரிண்டரு கொஞ்சம் சூடாவணும். லோடு உப்புதான, எங்கயும் ஓடிடாது.

கபடியில ரெண்டு அம்பயரு. அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். போன ஞாயித்துக்கெழம அனுமந்தையில ஃபைனலு, அவனும் நானுந்தான் அம்பயரு. கடைசி ரைடு, அனுமந்த டீமு ஒரு பாயிண்டு பின்னாடி. தேவா தெரியுமில்ல, இங்க பாத்தியில உப்பு வார்றவன், அவன்தான் பாடிக்கினு போறான். நாலு பேரு மேல வுழுந்து அமுக்கிட்டானுங்க. கை நடுக்கோட்ட தொட்டா கப்பு அவனுக்கு. தொடலன்னு நான் விசில் ஊதினேன். அவுட்டு! முடிஞ்சிது.

ஒருத்தன் அவுட்டு குடுத்துட்டா அது ரெண்டு பேரு குடுத்த அவுட்டு. அதாண்ணே எங்க மொற. இந்த மகராசன் என்னா செஞ்சான் தெரியுமா? டீக்கடையில, பிளேயருங்க நிக்கிறப்பவே, 'நானா இருந்தா அவுட் குடுத்திருக்க மாட்டேன்'னுட்டான்! பன்ன டீயில தோச்சிக்கினே சொல்றான்! தூ... புருஷன் பொண்டாட்டி சண்டைன்னாக்கூட கதவ சாத்திக்கினுதான போடறோம்?

நான் அப்பிடி பேசியிருக்கனா? பொம்மையார்பாளையத்துல கோட்டுக்குள்ள ஏழு பேருக்கு எட்டு பேரு ஆடறான், இவன் பாட்டுக்கு காது கொடஞ்சிக்கினு நிக்கிறான். எட்டு பேருண்ணே! ஒருத்தர்கிட்ட வாயத் தொறக்கல நானு. கூட்டாளி பலராமன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன் ஊரெல்லாம் சொன்னா அதுக்கு நானா பொறுப்பு?

இப்ப மாவட்டப் போட்டிக்கு அம்பயர் லிஸ்ட்டு வந்துக்குது. அந்த மூஞ்சி பேரு இருக்குது, என் பேரு இல்ல. பதினாலு வருஷத்துல இதான் மொத தடவ. வெள்ள பேண்ட்ட அயன் பண்ணி மாட்டி வெச்சிக்கிறா எம் பொண்டாட்டி தையல்நாயகி. அவகிட்ட இன்னும் சொல்லல.

இந்தா, ஸ்லிப்பு வந்துடுச்சி.

என்னாது? அவன் ஆட்டத்துலயே சொல்லியிருக்கலாமேவா? வாயால சொல்லக் கூடாதுண்ணே! அடுத்தவன் தீர்ப்புல சந்தேகம்னா குனிஞ்சி ஷூ லேச கட்டணும். நாங்களா வெச்சிக்கினதுதான். அத பாத்ததும் தீர்ப்பு குடுத்தவன் டைம் கேட்டுட்டு கிட்ட போயி காதுல பேசிக்கணும். பிளேயருக்கு ஒண்ணும் தெரியாது, மரியாதயும் போவாது.

கட்டினானாவா...?

கட்டினான். ரெண்டு ஷூவும் கட்டினான். அவுத்து அவுத்து கட்டினான், கட்டத் தெரியாதவனாட்டம்! நான்தான் ஸ்கோர் போர்ட பாத்துக்கினு நின்னேன். பின்ன? காலைல செமியிலயே ஒருவாட்டி கட்டி, என் தீர்ப்ப மாத்த வெச்சிட்டான். ஒரே நாள்ல ரெண்டுவாட்டி மாத்தினா எவண்ணே மதிப்பான்?

என் பக்கத்துலேர்ந்து நாலு முதுகுதான் தெரிஞ்சிது. தேவா கைய நான் பாக்கவேயில்ல.

நேத்து தேவா இந்த வழியாதான் போனான். வண்டிய நிறுத்தி, 'சார், கோட்டுக்கு எவ்ளோ கொறஞ்சிது'ன்னு கேட்டான். கோவமால்லாம் கேக்கலண்ணே. அடுத்த தடவ எட்டிப் புடிக்கணுமாம்.

'ஒரு ஜாண்டா'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.