கழிச்ச கோழி

– அங்கேயே நில்லு. வேலிக்குப் பக்கத்துல வராதே.

– என்னண்ணே கோலம் இது, கொசுவலையைத் தைச்சு மாட்டிக்கிட்ட மாதிரி? கூடப் பொறந்தவளைப் பார்க்க இப்படியா வருவாங்க?

– கால்நடை டாக்டரா வந்திருக்கேன், அண்ணனா இல்ல. செருப்பை மொதல்ல அந்த மருந்துத் தண்ணியில முக்கு.

– முக்கியாச்சு, முக்கியாச்சு. முக்கி முக்கியே காலெல்லாம் வெளுத்துப் போச்சு. அதான் போன்லயே சொன்னேன்ல? என் பண்ணையில சாவு இல்ல.

– அதை நம்பித்தான் மேப்புல நான் போட்ட நோய் வட்டத்துக்கு வெளியில உன்னை விட்டேன். இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பண்ணை காலி. அவங்களுக்கு நோய் எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போனேன். தடம் சந்தைக்குப் போச்சு. சந்தையிலிருந்து பின்னாடியே வந்தா, உன் வாசல்ல வந்து நிக்குது.

– அட போண்ணே! கொக்கு கொண்டாந்திருக்கும், காத்துல வந்திருக்கும். உனக்கு நான்தான் கிடைச்சேனா?

– கொக்கு வண்டி ஓட்டுமா? உன் வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கார், தெரியுமா?

– சாதாரணக் காய்ச்சல்னுதானே லீவு சொன்னாரு?

– இப்ப அவருக்குப் பதிலா மெஷின்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு.

– ஐயோ... கோழிக்கு வர்றது மனுஷனுக்குமா வரும்?

– இது வருது. அதனாலதான் கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு. ஒரு கோழிகூடச் சாகலையா?

– சத்தியமாச் சாகலைண்ணே.

– தலை தொங்கிப்போய்? கொண்டை நீலம் பாரிச்சு?

– அது... அதையெல்லாம் கழிச்சுட்டோமே.

– கழிச்சுட்டீங்களா?

– சோர்ந்து நின்னா தனியா எடுத்து வித்துடறதுதானே? எப்பவும் செய்யறதுதான். செத்தாத்தானே அது சாவு? எங்களுது சாகறதுக்குள்ள வண்டி ஏறிடும்.

– ஏம்மா, நோய் இருக்கான்னு உன்கிட்ட கேட்டேனே!

– எங்க கேட்ட? 'சாவு இருக்கா'ன்னுதான் கேட்ட. எல்லாப் பண்ணையிலயும் அதைத்தானே கேட்ட? கேட்டதுக்குப் பதில் சொன்னோம்.

– எல்லாரும் இல்லைன்னாங்க.

– எல்லாரும் கழிச்சிருப்பாங்க. கழிக்காம யாரு பண்ணை நடத்துவா?

– அப்ப நான் போட்ட வட்டமே தப்பு. எல்லாமே வட்டத்துக்கு வெளியிலதான் இருக்கு... சரி. கழிச்சது எங்கெங்க போச்சு?

– திட்டக் கூடாது.

– திட்டறதுக்கு நேரமில்ல.

– மெஸ்காரர் கொஞ்சம் எடுத்தாரு. மிச்சம் சந்தைக்கு. வண்டிக்காரர்தான் காலைப் பிடிச்சுக் கொத்தாத் தூக்கிப் போட்டாரு, பாவம்.

– வேற?

– அவ்வளவுதான்.

– முழுங்காதே. பொய் சொன்னா உனக்குக் குரல் உள்ளே போயிடும்.

– என் பண்ணையை அழிச்சிடுவியா?

– அழிச்சுத்தான் ஆகணும். இன்னிக்கே. ஏய், அழு, பரவாயில்ல. கையால முகத்தைத் தொடைக்காதே!

– நீயேவா வந்து கொல்லப் போற?

– வேற ஆளை அனுப்பினா உனக்கு ஆறுதலா இருக்குமா? சொல்லும்மா, வேற எங்க போச்சு? எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் உடனே ஆள் அனுப்பணும். காய்ச்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்.

– யாரையும் அனுப்பாதே. நீயே போ.

– ஏன்?

– அண்ணி வந்திருந்தாங்க. நீ வீட்டுப் பக்கமே போகாம நோய் நோய்னு ஊர் ஊரா அலைஞ்சுக்கிட்டு இருந்தப்ப. பாப்பாவையும் கூட்டிட்டு வந்தாங்க. கோழி வேணும்னு ஒரே அடம்.

– சொல்லு.

– நல்ல கோழி துள்ளுதுண்ணே, கொத்துது. குழந்தை கையில நிக்குமா? கழிக்க ஒதுக்கி வெச்சதுல ஒண்ணு சாதுவா இருந்துச்சு. அதை...

– எப்ப?

– முந்தாநாள். நேத்து போன் பண்ணினா. 'அத்தை, கோழிக்கு என்னை அவ்வளவு பிடிச்சிருக்கு, மடியை விட்டு எறங்கவே மாட்டேங்குது'ன்னா.