முழு சிக்னல்

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள்தான் அதிகம். அது தப்பு, சார். வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்தில், சுற்றிலும் மறைப்பு இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கூடத்துச் சுவரில் அப்படித்தான் மாட்டியிருந்தேன். உங்கள் ஆட்கள் கழற்றும்போது ஒரு திருகாணியைத் தொலைத்துவிட்டார்கள். போகட்டும், பெரிய விஷயமில்லை.

அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது என் வேலை. கடைக்கு வராத புது வசதிகளை முதலில் எங்கள் வீடுகளில்தான் போட்டுப் பார்ப்போம். "அடுத்தவன் தலையில கட்டறதுக்கு முன்னாடி நம்ம தலையில கட்டிப் பாக்கணும்" என்பார் மேலாளர். சொந்த வீட்டில் பிசகினால் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை அல்லவா?

அடுத்த பதிப்பில் இரண்டு வசதிகள் வர இருந்தன. ஒன்று, ஆள் நடமாட்டம். கேமரா வேண்டாம். அலைகள் உடம்பில் பட்டுத் திரும்புவதை வைத்தே, எந்த அறையில் ஆள் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளியாகக் காட்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்காகச் செய்தது. இன்னொன்று பிள்ளைகளுக்கானது. நாம் சொல்லும் போனில் பேச்சும் செய்தியும் மட்டும் நின்றுவிடும். படம் ஓடும், பாட்டு ஓடும், சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும். தடை இருப்பதே தெரியாததால் பிள்ளை சண்டை பிடிக்காது. அந்த யோசனை என்னுடையது. பாராட்டும் கிடைத்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே என் மனைவியின் போனில் போட்டுப் பார்த்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். தினமும் பேசுவார்கள். "நீ இங்க வந்துடு. வேலை நான் பாத்துத் தரேன். முதல்ல நிம்மதியா மூச்சு விடு" என்று அந்த அக்கா சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது. மூச்சிரைப்புக்காரியிடம் பேசுகிற பேச்சா அது? கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். என் மனைவி கல்கூட இல்லை. அவள் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம், சார்.

எங்கள் வீடு அடுக்குமாடியில் தரைக்குக் கீழே இருக்கும் தளம். வெளி சிக்னல் உள்ளே எட்டிப் பார்க்காது. பேசுவதென்றால் எல்லாம் வைஃபை வழியாகத்தான். ஆகவே காரியம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.

"அக்காகிட்ட இருந்து ஒண்ணுமே வரலைங்க. நான் கூப்பிட்டாலும் போக மாட்டேங்குது. என்மேல கோவமா?" என்றாள்.

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீயே போய் விழுந்தா மதிப்பாங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் அக்காவுக்கு, அவளுக்கு உங்கள்மேல் வருத்தம், கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள் என்று என் போனிலிருந்து செய்தி அனுப்பினேன். இரண்டு பேரும் நம்பினார்கள். பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

பச்சைப் புள்ளியையும் ஆபீஸிலிருந்தே என் போனில் பார்ப்பேன். ஒரு மத்தியானம் அது வாசல் கதவருகே போய் வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பிப் படுக்கையறைக்குப் போய்விட்டது. சாயங்காலம் சாப்பிடும்போது, "கதவுகிட்ட நின்னு என்ன யோசனை?" என்றேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே."

நான் சிரித்தேன். அதன் பிறகு புள்ளி வாசல் பக்கம் போகவே இல்லை. கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை, சார். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தடையில் ஒரு குறை இருந்தது. அவசர உதவிக்குக் கூப்பிட்டாலும் போகாது. கண்டுபிடித்தவனே நான்தான். அடுத்த பதிப்பில் சரி செய்யப்படும் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் அடுத்த பதிப்பு உண்டு.

அன்று கம்பெனியின் பெரிய தலைகளுக்கு வசதிகளைக் காட்டும் நாள். திரையில் என் வீட்டைத்தான் போட்டேன். புள்ளி படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. நடையில் தள்ளாட்டம் இருந்தது. ரவுட்டருக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டது. என் போனில் 'அழைப்பு தடுக்கப்பட்டது' என்று வந்தது. மறுபடி வந்தது. மறுபடியும். யாருக்கு அழைப்பு என்று ரவுட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அக்காவைத் தவிர யார்? ஆபீஸ் நேரத்தில் என்னைக் கூப்பிடக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தேன். அவள் சொன்ன சொல் தட்டாதவள்.

"ஆள் அசையலையே. அப்பவும் காட்டுதே?" என்றார் மேலாளர்.

"மூச்சு விட்டாலே போதும் சார். அதையும் பிடிச்சிடும்."

புள்ளி வேகமாகத் துடித்தது. அந்தத் துடிப்பை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். மூச்சிரைப்பு வரும்போது அப்படித்தான் துடிக்கும். தடையை எடுக்கும் பொத்தானுக்கு மேலே என் விரல் இருந்தது. ஒரே ஒரு தொடல். தொட்டால் அவள் அக்காவிடம் பேசிவிடுவாள், மறுவாரம் என் வீடு காலியாகிவிடும். விரலை எடுத்துக்கொண்டு, மின்சாரச் செலவு எவ்வளவு குறைவு என்று விளக்கினேன். துடிப்பு மெதுவானது. பிறகு புள்ளி மறைந்தது.

"வெளிய போயிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாம் சார்" என்றேன். கைதட்டினார்கள். வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்குப் போனேன்.

நேற்று உங்கள் பெண் அதிகாரி அவளுடைய போனை என் முன்னால் வைத்தார். அன்று அவள் செய்த அழைப்புகளைக் காட்டினார். அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. அவசர உதவிக்கும் இல்லை. எல்லாமே என் எண்ணுக்கு.

ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டதற்காக எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவளுக்கு என்னை விட்டால் வேறு யாருமில்லை, சார். அதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.