பட்டியலில் தெரியாத கோப்பு

நீங்கள் கொடுத்த மேசை ஆடவில்லை. அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் அறையில் இருக்கும் மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துத்தான் பதினொரு வருடமாக எழுதுகிறேன். அறை என்றால், அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே துணி துவைக்கும் இயந்திரமும் நானும் இருக்கும் இடம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யாருக்காவது துணி துவைக்க வேண்டும் என்றால் நான் எழுந்து வெளியே நிற்க வேண்டும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்றே எழுதுகிறேன், வேறு மாதிரி கூப்பிட்டுப் பழக்கமில்லை. எண்ணெய்க் கிடங்கில் பன்னிரண்டு இரும்புத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஆட்களுக்கு அவர் மேற்பார்வையாளர். அதே கிடங்கின் முன்கட்டடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். அதை ஒரு நாளும் என்னை மறக்க விட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவன் என் கல்யாணத்துல வந்த இலவச இணைப்பு" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால், "பாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான்" என்று இன்னொரு சிரிப்பு கிளம்பும். காலையில் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போவேன். மாலையில் அதே வண்டியில், அதே முதுகைப் பார்த்துக்கொண்டு திரும்புவேன்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்பு பரிசோதனைக்கூடத்து அம்மா உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்து, ஓர் அறிக்கையைச் சர்வரில் அந்தத் தொட்டிக்கான ஃபோல்டரில் போடுவார். அடியில் தேங்கிய வண்டலைக் கிளறினால் விஷவாயு கிளம்பக்கூடும். அதனால் ஆட்கள் டீ குடிக்க வெளியே வரும் நேரத்தில் இன்னொரு முறையும் சோதிப்பார். காற்று சரியாக இருந்தால் இரண்டாவது அறிக்கை எழுத மாட்டார். கெட்டிருந்தால் மட்டும் 'இறங்கக் கூடாது' என்று புதுக் கோப்பு வரும். புதிதாக எதுவும் வரவில்லை என்றால் இறங்கலாம். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டரில், கோப்புகளை அனுப்பவும் எடுக்கவும் உதவும் ஒரு மென்பொருளைத் திறந்து அத்தான் அந்த ஃபோல்டரின் பட்டியலைப் பார்ப்பார். கொட்டகைக்கு வரும் இணைப்பு மகா மந்தம். பட்டியல் வர ஒரு நிமிடம்கூட ஆகும். ஒரு நாள் ஆட்கள் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஒரு லிஸ்ட் தொறக்க இவ்வளவு நேரமா? பொட்டி தட்டத்தான உன்னைய வெச்சிருக்கு, அதையாவது உருப்படியா தட்டக் கூடாதா?"

அதனால் அந்த மென்பொருளில் ஒரு வசதியை முடுக்கிவிட்டேன். ஒருமுறை பார்த்த பட்டியலை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே, வைத்திருப்பதை எடுத்துக் காட்டிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் அது இப்போதைய பட்டியல் அல்ல, முன்பு பார்த்தது. ஐந்து நிமிடம் ஆனதும் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும்படி வைத்திருந்தேன். அத்தானிடமும் விளக்கினேன். "எதுக்கும் புதுப்பிக்கிற பட்டனை ஒரு தட்டு தட்டிட்டுப் பாருங்க அத்தான்" என்றேன். அதையே ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்தத் தாளில் யாரோ எண்ணெய்க் கையைத் துடைத்திருந்தார்கள். உப்புக்குச் சப்பாணி ஒட்டிய தாள், அதை யார் படிப்பார்கள்.

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றிக் கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு எனக்கு வேறு ஊரில் ஒரு வேலை கிடைப்பதாக இருந்தது. தங்க இடமும் கொடுப்பதாகச் சொன்னார்கள். என்னைப் பற்றி விசாரிக்க அவர்கள் கிடங்குக்கு ஃபோன் செய்ய, எடுத்தவர் அத்தான். வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்.

"ஆளு சரிப்பட்டு வர மாட்டான்னு சொல்லிட்டேன். நீ போயிட்டா உங்க அக்கா ஒத்தையா என்ன பண்ணுவா? புள்ளைங்கள யாரு ஸ்கூல்ல விடுறது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான்."

"உன்னைய எதுக்குடா கேக்கணும்?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அக்கா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை என் இடத்தில் உட்கார்ந்தபடியே கொட்டகைக் கம்ப்யூட்டருக்குள் போய், ஐந்து நிமிடம் என்று இருந்ததை ஆயிரத்து நானூற்று நாற்பது என்று மாற்றினேன். அது ஒரு முழு நாள். வேறெதையும் தொடவில்லை.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. அது சர்வரில் பத்திரமாக இருக்கும். பட்டனைத் தட்டினால் தெரியும். பட்டியலில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம், சொல்லிவிடுவேன். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை இந்த மனிதர் என்னிடம் ஒன்று கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். அது பேராசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் தொட்டியில் வேலை. காலை எட்டு ஐம்பதுக்கு முதல் அறிக்கை வந்தது, இறங்கலாம். பத்து இருபதுக்கு இரண்டாவது கோப்பு வந்தது. திறந்து படித்தேன். யார் எந்தப் பட்டியலைக் கேட்டார்கள் என்று சர்வரில் வரி வரியாகப் பதிவாகும். கொட்டகையிலிருந்து காலையில் ஒரு வரி இருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்த வரிக்காகப் பார்த்திருந்தேன். ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அவருக்கு நேரம் கொடுத்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார்.

ஆட்களை இறக்கும் முன்பு தானே முதலில் இறங்கிப் பார்ப்பது அத்தானின் பழக்கம். அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பத்து நாற்பத்திரண்டுக்கு ஆபத்துச் சங்கு ஊதியது. அவரைத் தூக்கி வர, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் தொழிலாளி முகமூடிகூட மாட்டாமல் பின்னாலேயே குதித்திருக்கிறார். அவரும் மேலே வரவில்லை. ஒல்லிக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகமூடி இல்லாமல் இறங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதையும் என் தலையில் கட்டாதீர்கள்.

நேற்று அக்கா இங்கே வந்தாள். நான் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இனிமே எங்களுக்கு நீதான்டா. எங்கயும் போயிடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போக மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அப்புறம் அந்தத் தொலைபேசிப் பதிவு. பத்து முப்பத்தாறுக்குக் கொட்டகையிலிருந்து என் மேசைக்கு ஓர் அழைப்பு, நாற்பது விநாடி. அந்தத் தாளை மூன்று தடவை என் முன்னால் தள்ளிவிட்டீர்கள். சரி, அதையும் எழுதிவிடுகிறேன்.

"லிஸ்ட்ல புதுசா ஒண்ணும் காணோம்ப்பா" என்றார் அத்தான். "ஆனா உள்ளேருந்து வாடை ஒரு மாதிரி வருது. இந்தப் பொட்டிய நம்பி இறங்க மனசு வரல. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

கோப்பு என் திரையில் திறந்தே இருந்தது.

"ஒண்ணும் வரல அத்தான். தைரியமா இறங்குங்க."

"நீ சொன்னா சரிதான்" என்று ஃபோனை வைத்தார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உயிரோடு இருப்பார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள்.