வலது பாதம்

அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுதான் எனக்குச் சலிக்காத ஒரே வேலை. துவைத்தது மறுநாள் அழுக்காகும், சமைத்தது அன்றே தீரும். தோல் பளபளக்கும்போது மட்டும் ஏதோ ஒன்றை முடித்தோம் என்றிருக்கும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்டதால் சொல்கிறேன், சார். எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். நாள் முழுக்க நடை. சர்க்கரை வியாதி பதினைந்து வருடமாக உண்டு. போன வருடம் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார்.

"தொடறப்போ சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து இவர், "ஆரம்பிங்க டாக்டர்" என்றார். அதற்குள் பத்து இடம் தொட்டாகிவிட்டது.

தொடுவது, அழுத்துவது, சுடுவது, குத்துவது எல்லாவற்றையும் தோல் உணர்ந்து, நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் அனுப்புமாம். இவருக்கு அந்த நரம்பு கெட்டுவிட்டது.

"கல்லு குத்தினாலும் இவருக்குத் தெரியாதும்மா. தினமும் நீங்கதான் காலைப் பாக்கணும். ஷூவுக்குள்ள கைவிட்டுப் பாக்கணும்."

ஏழு மாதம், ஒருநாள் விடாமல் பார்த்தேன்.

என் தோள்பட்டையைப் பற்றியும் எழுதுங்கள். நான்கு வருடமாக இடது கையைத் தூக்க முடியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. மகளும் மருமகனும் வந்திருந்த அன்று, "உங்கம்மா நடிப்பைப் பாருங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துச் சட்டென்று தலைக்கு மேலே தூக்கினார். கண் இருட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், மகளும்தான். பிறகு டீ போட்டுக் கொடுத்தேன். கோபமெல்லாம் இல்லை, சார். அசதியாக இருந்தது.

மறு வாரம் வலது ஷூவுக்குள் கைவிட்டபோது விரலில் ஏதோ குத்தியது. எங்கோ ஆணியை மிதித்திருக்கிறார். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே துளையில் திரும்பச் செருகி, அடியில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். ஷூவுக்குள் முனை முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது.

அவரால் குனிய முடியாது, தொப்பை. சாக்ஸைக் கழற்றுவதும் கால் கழுவுவதும் நான்தான். அன்று சாயங்காலம் கேட்டார்.

"கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க, நல்லாதான் இருக்கு."

பதினோரு நாள் அதே கேள்வி, அதே பதில். ஒன்பதாவது நாள் மட்டும், "என்ன நாத்தம் இது?" என்றார். எலி ஏதாவது செத்திருக்கும் என்றேன். பாவம், பீரோவுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் குளிர் ஜுரம். ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது இல்லாத பாதம் எரிகிறது என்று அழுகிறார். மூளை இன்னும் அது இருப்பதாகவே நினைக்கிறதாம். மகள் நம்பவில்லை. நான் நம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து எங்கே எரிகிறது என்று விரல் விரலாகக் கேட்டேன்.

ஆணியைச் செருகியது நான்தான். தெரிந்துதான் செய்தேன். அந்தப் பதினோரு நாளும் அவருக்குத் துளிகூட வலிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லது, சார். மகளுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது. இடது கால் இருக்கிறது. அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.