நீலத் தண்ணியில ஒரு ஆணி

அய்யய்யோ, குடுக்காதீங்க மாப்ள, பாப்பா கையில குடுக்காதீங்க! அது குடிக்கிற தண்ணி இல்ல. இங்கிட்டு குடுங்க. நீலமா இருந்தா கூல்ட்ரிங்க்ஸ்னு நெனச்சுட்டீங்களா? மயில்துத்தம் மாப்ள, தண்ணியில கரைச்சு வெச்சிருக்கேன். ஒரு மடக்கு உள்ள போச்சு, கொடலு வெளிய வந்துரும். மூடி டைட்டாத்தான் இருக்கு, இருந்தாலும் நான் சீட்ல வெச்சிருக்கக் கூடாது. யாத்தே, மூஞ்சிய எப்டி வெச்சிருக்கு பாருங்க. பாப்பா, மாமா மேல கோவமா? இங்க பாரு, பூனக்குட்டி பஸ்ஸுல ஏறிருச்சு. மியாவ்வ்... எங்க, சீட்டுக்கு அடியில பாரு. மியாவ். ஆங், சிரிச்சிருச்சு. சிரிக்கிறப்ப அப்டியே அவங்க அம்மா மாதிரியா? உங்கள மாதிரி இல்ல, அதான் கேட்டேன்.

பேரு இந்துப்ரியாவா. நல்ல பேரு. நான் ஜுல்பிகர். காஜிமார் தெருப் பக்கம். வேலையா? விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கட வாசல்ல நிக்கிறேன். வாங்கக்கா வாங்க, உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்கு காசு இல்லன்னு கூவுறது நான்தான். கூவுறதோட நிப்பேனா, எங்க மொதலாளி மாதிரி, போலீஸு மாதிரி, மைக்செட்டுக்காரன் மாதிரின்னு பேசி லந்தக் குடுத்துக்கிட்டே இருப்பேன். இந்தா, இந்தக் கண்டக்டரு விசிலு இருக்கு பாருங்க, அத வாயாலயே அடிப்பேன். போன மாசம் சும்மா ஒரு அடி அடிச்சேன், டிரைவரு நடு ரோட்ல வண்டிய நிறுத்திட்டாரு. அன்னைக்கு என்னய எறக்கி விடப் பாத்தாய்ங்க. இப்ப பாருங்க, அந்தாளு என்னய மொறைச்சுக்கிட்டேதான் டிக்கெட் குடுத்தாரு.

நீங்க எங்க போறீங்கன்னு நான் சொல்லவா? மடியில ஐஸ் டப்பா. பைக்குள்ள ஆஸ்பத்திரி பைலு நீட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு செவ்வாக்கிழம. மேலூர் வண்டி. ஆணி வைத்தியருதானே?

இதுல என்ன ஜோசியம், முழிக்காதீங்க. செவ்வாக்கிழம இந்த வண்டியில பாதிப் பேரு அங்கதான் போறாய்ங்க. பாப்பாவுக்கு சக்கரையா? இந்த வயசுலயேவா. ஊசிதான், இல்ல? எங்க வீட்டம்மா நிலோபருக்கும் அதேதான், அவளுக்கும் ஊசிதான். அதனால டப்பாவப் பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு.

போன வாரம் நீங்க மட்டும் போயிட்டு வந்தீங்களா? கண்ணால பாத்தீங்க? ஆமா, நிலோபரு கூடப் போனப்ப நானும் பாத்தேன். ஒரு சட்டி. அதுல நீலத் தண்ணி. வைத்தியரு இரும்பாணிய எடுத்து நம்ம கையிலயே குடுப்பாரு, தம்பி, நீயே கடிச்சுப் பாரு, இரும்பா இல்லையா. இருங்க, அவரு கொரல்லயே சொல்றேன். மூக்கால இழுக்கணும். தம்ம்பி... நீயே போடு. போட்ட ஒடனே கண்ண மூடிக்கிட்டு உம்ம்ம்முன்னு என்னமோ முணுமுணுப்பாரு. அப்பறம் எடுப்பாரு. ஆணி செவசெவன்னு செம்பாயிருக்கும். அப்ப நம்ம மூஞ்சியப் பாத்துக் கேப்பாரு பாருங்க: இரும்ம்பே மாறுது தம்பி, ரெத்தம் மாறாதா?

சிரிக்கிறீங்க! அப்டியே இருக்குல்ல? அவரே கேட்டாலும் தெகைச்சிருவாரு.

அதுக்கப்பறம்தான் அந்த டிரம்மு. வாசல்ல இருக்குமே பிளாஸ்டிக் டிரம்மு, மாத்திரையெல்லாம், ஊசியெல்லாம் அதுல போட்டுட்டு உள்ள வா, இனி இது ஒனக்கு எதுக்குன்னு. இன்னைக்கு இந்த டப்பாவயும் அதுல போடத்தான் கொண்டு போறீங்க. இல்லன்னு சொல்லாதீங்க. இல்லன்னா இருக்குற மருந்து அம்புட்டையும் தூக்கிட்டு வரமாட்டீங்க, வீட்லயே வெச்சிருப்பீங்க.

நான் சண்டைக்கு வரல மாப்ள. ஒக்காருங்க, ஒக்காருங்க. யானமல இப்பதான் தெரியுது, ஒத்தக்கடையே இன்னும் தாண்டல. மேலூருக்கு நேரம் கெடக்கு. ஒரு வெளையாட்டு வெளையாடுவோம், வாங்க. இந்தா ஆணி. புது ஆணி, உப்புத்தாளு போட்டுத் தேச்சு வெச்சிருக்கேன். கடிக்க வேணாம், பாத்தாப் போதும். இரும்புதானே? நீங்களே பாட்டிலுக்குள்ள போடுங்க. பாப்பா பக்கம் கொண்டு போகாம, பைய... வண்டி குலுங்குது, சிந்திராம. ஆங். மூடிட்டேன். இத இப்டியே கால் ரெண்டுக்கும் எடையில வெச்சுக்கிறேன். நம்ம பேசுவோம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நிலோபரா? சொல்றேன், சொல்றேன். மொதல்ல எங்க மொதலாளி கதையக் கேளுங்க. அவருக்கு ஒரு நம்பிக்க: ஜுல்பிகர் கூவுனாத்தான் கடைக்கு கூட்டம். எனக்கும் அது நல்லதுதான, சம்பளம் வருதுல்ல. ஆனா உண்மையச் சொல்றேன் மாப்ள, கார்த்திக மழையில தொண்ட கிழியக் கத்துவேன், ஒரு ஆளு எட்டிப் பாக்காது. தீவாளிக்கு மொத வாரம் தொண்ட கட்டி வாயே தொறக்கல, கழுத்துல துண்டச் சுத்திக்கிட்டு சும்மா நின்னேன். கால் வைக்க எடமில்ல! அப்ப கூட்டத்தக் கொண்டு வந்தது யாரு? என் வாயா, தீவாளியா? ஆனா மொதலாளிக்கு நான் கூவுறது காதுல விழுகுது, கூட்டம் கண்ணுல தெரியுது, ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாரு. கூவாம ஒரு நாளு பாப்போம்னு அவருக்கு தோணல. எனக்கும் தோணல, தொண்ட கட்டுற வரைக்கும்.

இந்த ஆணி கதையிலயும் அதேதான். நிலோபரு ஆணிய வீட்டுக்கு வாங்கிட்டு வந்துட்டா. தலகாணிக்கு அடியில வெச்சுக்குவா. ஒரு நாளு வீட்ல நான் மட்டும் தனியா இருக்கேன். வீடு ஒரே அமைதி, எனக்கு அமைதி ஆகாது, வாய் சும்மா இருக்காது. கீழமாசி வீதியில ஹரிராம் அண்ணன் கடை இருக்கு, சாயம், துத்தம், படிகாரம் எல்லாம் விப்பாரு. அவருகிட்ட அந்த நீலத் தண்ணி என்னாண்ணேன்னு கேட்டேன். துத்தம்டா, தோட்டத்துக்கு மருந்தடிக்க மூட்ட மூட்டயா போகுதுன்னாரு. ஒரு பொட்டலம் வாங்கியாந்து கண்ணாடி கிளாஸுல கரைச்சு, ஆணியப் போட்டு, வைத்தியரு கொரல்ல உம்ம்ம்முன்னேன். சும்மா, வெளையாட்டுக்கு. ஆணி செவந்துருச்சு மாப்ள!

கிளாஸ வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தேன், நமக்கும் சக்தி வந்துருச்சு போலன்னு. செரி, அவரு கொரல்ல பேசுனதாலயா இருக்கும்னு, அடுத்த ஆணிக்கு எங்க மொதலாளி கொரல்ல பேசுனேன்: எலேய் ஆணி, சீக்கிரம் மாறுடா, யாவாரம் கெடுதுன்னு. மாறிருச்சு. அடுத்ததுக்கு எரும மாடு மாதிரி கத்துனேன். மாறிருச்சு. ரைட் ரைட், மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணின்னேன். அதுக்கும் மாறிருச்சு! கடைசியா நானா வாய மூடிக்கிட்டு ஒக்காந்தேன். என் ஆயுசுலயே மொத தடவ. ஒரு சத்தம் இல்ல. கிளாஸையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதுவும் செவந்துச்சு.

அப்ப வைத்தியரு முணுமுணுத்தது எதுக்கு? நம்ம காதுக்கு. ஆணிக்கு காது இல்ல.

பாப்பா தூங்கிருச்சு. நல்லா சாச்சுக்கங்க, தல கம்பியில இடிக்குது பாருங்க. என் துண்ட மடிச்சு வெச்சுக்கங்க. அட, வாங்கிக்கங்க.

என்ன கேட்டீங்க? முணுமுணுப்பு பொய்யாவே இருக்கட்டும், இரும்பு மாறுறது நெசந்தானேன்னா? அப்டிக் கேளுங்க. இதத்தான் நானும் ஹரிராம் அண்ணன்கிட்ட ஓடிப்போய் கேட்டேன். அவரு சொன்னாரு, இது இன்னைக்கு நேத்து கூத்து இல்லடா, சீனாவுலயும் வெள்ளக்காரன் தேசத்துலயும் மலைக்குள்ள இருந்து நீலத் தண்ணி ஊறி வருமாம், அதுல இரும்பப் போட்டு செம்பா எடுப்பாய்ங்களாம். பெரிய பெரிய ரசவாதியெல்லாம் இரும்புதான் செம்பா மாறுதுன்னே நெனச்சு, அடுத்து தங்கமா மாத்துறோம்னு அடுப்ப ஊதிக்கிட்டே செத்துப் போனாய்ங்களாம். அவங்க முட்டாளா? இல்ல மாப்ள. நம்மள மாதிரிதான். கண்ணால பாத்தத நம்புனாங்க. யாரோ ஒருத்தன்தான் ஆணியப் பாக்குறத விட்டுட்டு தண்ணியப் பாத்திருக்கான்.

நானும் பாத்தேன். ஒரு கைப்பிடி ஆணிய அள்ளிப் போட்டு, ராத்திரி விட்டுட்டு காலையில வந்து பாத்தா, கிளாஸுல நீலத்தக் காணோம். வெளிறிப்போயி ஏதோ ஒரு பச்ச. நீலம் எங்க போச்சு? எவனும் வந்து குடிக்கல. அந்த நீலத்துக்குள்ளயே செம்பு இருந்திருக்கு மாப்ள. அதான் வந்து ஆணி மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு, கொஞ்சம் இரும்பத் தண்ணிக்குள்ள எறக்கி விட்டுருச்சு. இந்தா, இதே பஸ்ஸு மாதிரித்தான். ஒருத்தரு எறங்குனாரு, ஒருத்தரு ஏறுனாரு. சீட்டுல ஆளு மாறிருச்சு. எறங்குன ஆளே ஏறுன ஆளா மாறுனான்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

டோல்கேட்டு வந்துருச்சா. இருங்க, பாட்டில எடுப்போம். பாத்தீங்களா? பாருங்க, பாருங்க! செம்பு! யாரு முணுமுணுத்தா? நான் மொதலாளி கதையத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்? இப்ப இந்த பேப்பர வெச்சு பிடிங்க, கையில படாம. இந்தா சாவி, சுரண்டுங்க. நல்லா அழுத்தி. என்ன தெரியுது? ஆங், கறுப்பா, உள்ள அதே பழைய இரும்பு. மேல பூசுன தோலுதான் செம்பு. நாலு நாளு அவளும் அப்டித்தான் தெளிவா இருந்தா. ஊசி இல்ல, குத்தல் இல்ல, மூஞ்சியில ஒரு சிரிப்பு. பாத்தீங்களா, நான் சொன்னேன்லன்னு எங்கிட்ட சலம்புனா.

யாரா? நிலோபருதான். இப்ப எப்டி இருக்காங்களா... சொல்றேன் மாப்ள. அதுக்குள்ள எங்க போயிரப் போறேன்.

தெரியும். மூணு வேள குத்துறப்ப மூணு வேளயும் அழுகும். பிடிச்சுக்கிறது நீங்களா, அவங்க அம்மாவா? நீங்களா. அழுகுற புள்ளையக் கையப் பிடிச்சுக்கிட்டு குத்த விடுறது கொடுமதான். அதுல இருந்து தப்பிக்க ஒருத்தன் வழி சொன்னா எந்த அப்பனும் போவான். நானா இருந்தாலும் போவேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தாளு ஆணிய மாத்துனாருன்னே வெச்சுக்குவோம். ஊருல இருக்க எல்லா ஆணியயும் தங்கமாவே மாத்தட்டும். அதுக்கும் பாப்பா ரெத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் நல்லா மியாவ்னு கத்துறேங்கறதுக்காக என்னய எலி பிடிக்கக் கூப்பிடுவீங்களா?

சிரிங்க. ஆனா டப்பாவ ஏன் இம்புட்டு இறுக்கிப் பிடிக்கிறீங்க?

இந்தா வெள்ளரிப்பட்டி வருது. எதுத்த பக்கம் பாருங்க, ஊருக்குத் திரும்புற மாட்டுத்தாவணி வண்டி ஒண்ணு தூரத்துல வருது. உங்க முடிவுதான், நான் ஒண்ணும் சொல்லல. வீட்ல என்ன சொல்றதா? கூட்டமா இருந்துச்சு, பாக்க முடியலன்னு சொல்லுங்க. இல்ல, இந்த ஆணிய காட்டுங்க, சுரண்டிக் காட்டுங்க. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயி, குத்துறப்ப வலி கொறைய என்ன வழி இருக்குன்னு கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க மாப்ள, கேக்குறதுக்கு நமக்குத்தான் பயம். ஆங்? எந்திரிச்சுட்டீங்க! எந்திரிச்சாச்சுல்ல, அப்பறம் எதுக்கு யோசன? பாப்பாவத் தூக்குங்க. இருங்க, ஸ்டாப்பு தாண்டப் போறான், கண்டக்டரு பின்னாடி சில்லற எண்ணிக்கிட்டு இருக்காரு.

ப்பீஈஈஈப்!

நின்னுருச்சு! அண்ணே, அண்ணே, திட்டாதண்ணே, நாந்தான். சின்னப் புள்ளண்ணே, தூங்குது, எறங்கட்டும். ரெண்டு நிமிசம். அப்பறம் என்னய என்ன வேணா பண்ணு.

பைய, படியப் பாத்து. நானா? நான் எறங்கல மாப்ள. மேலூர்ல எனக்கு என்ன வேல, ஒரு வேலையும் இல்ல. நிலோபரு மௌத்தாகி, என்னய விட்டுப் போனதுல இருந்து செவ்வாக்கிழமயானா கடைக்கு லீவு போட்டுட்டு இந்த வண்டியில போறேன், வாரேன், அம்புட்டுதான். அவ டிரம்முல போட்டது போக ஒரு மருந்துப் புட்டி பாதி மிச்சமிருக்கு, ஃபிரிட்ஜு கதவுல, முட்டைக்குப் பக்கத்துல. அத எடுக்கத்தான் கை வர மாட்டேங்குது. அத விடுங்க. பின்னாடி பச்சச் சேல கட்டுன அம்மா மடியில ஆஸ்பத்திரிக் கவரு இருக்கு, நான் ஏறுறப்பவே பாத்துட்டேன், அங்கிட்டுப் போயி ஒக்காரணும். போங்க, ரோடு பாத்து தாண்டுங்க, லாரி வேகமா வருவான்.

யோவ் மாப்ள! ஐஸ் டப்பாவ சீட்லயே வெச்சுட்டு எறங்குறீங்க! இந்தா, பிடிங்க. மொதல்ல இதப் பிடிங்க.